பழைய கணினியா, புதிய கணினியா?



பாடசாலை அதிபர் ஒருவருடைய வேலை பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுவது என்றே ஊரார் பலர் எண்ணியிருக்கிறார்கள். உண்மையில் அவருடைய காலத்தில் ஒரு பெரும் பகுதி பொருள் வாங்குவதிலே கழிகிறது. வெண்கட்டி முதல் கூரை ஓடு வரை எதை வாங்கினாலும், விலை கேட்டு, தரம் பார்த்து, கணக்கெழுதி, பலருக்கும் விடை சொல்ல வேண்டியவர் அவரே. மேசை கதிரை வாங்குவதில் அவ்வளவு சிக்கல் இல்லை. மரம் இன்னது என்று தச்சர் தட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். கணினி வாங்குவது அத்தகையதன்று. அதன் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்மிற் பலருக்கு விளங்காது. ஆகவே கடைக்குப் போகிறவர் தமக்கு விளங்கக்கூடிய ஒரேயோர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளுகிறார். இது எந்த ஆண்டில் வந்தது? புதியதா, பழையதா? அவ்வளவே அவர் கேட்பது.

இந்த அளவுகோல் நல்லதுதானா என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் படித்தவன்; இயந்திர நுட்பம் கற்றவன் அல்லன். ஆயினும் பத்து ஆண்டு இடைவெளியில் இரு முறை, பிறர் மனமுவந்து தந்த பணத்தைக் கொண்டு, ஒரே வகைக் கணினியின் பழைய மாதிரிக்கும் புதிய மாதிரிக்கும் இடையில் ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. முதன்முறை தவறினேன். இரண்டாம் முறை, அந்தத் தவற்றிலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடமே என்னை மறுபடியும் தவறச் செய்யப் பார்த்தது. என் அனுபவம் உங்களிற் சிலருக்கேனும் பயன்படலாம் என்ற எண்ணத்தினாலேயே அதனைச் சொல்லத் துணிகிறேன்.

முதலில் அந்தக் கணினியை அறிமுகஞ் செய்ய வேண்டும். அமெரிக்க நாட்டு அப்பிள் நிறுவனத்தார் செய்யும் ‘மக் மினி’ என்னும் சிறு கணினி அது. 2005 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜொப்ஸ் அதனை முதன்முதலாகக் காட்டினார். அன்று அதன் தொடக்க விலை 499 டொலர். பதினாறரை சென்ரிமீற்றர் சதுரமும் ஐந்து சென்ரிமீற்றர் உயரமுமுள்ள ஒரு சிறு பெட்டி. நம் வீட்டுப் பெண்கள் தையற் சாமான் வைக்கும் பெட்டியளவே இருக்கும். திரை இல்லை, விசைப்பலகை இல்லை, சுட்டியும் இல்லை. அவற்றை வாங்குபவரே தேடிக்கொள்ள வேண்டும். குறை போலத் தோன்றும் இதுவே அதன் சிறப்பு. வீட்டிலோ பாடசாலையிலோ முன்னரே உள்ள திரையையும் விசைப்பலகையையும் வைத்துக்கொண்டு, பெட்டியை மாத்திரம் மாற்றிக்கொள்ளலாம்.

2010 ஆம் ஆண்டில் அதற்கு ஒரு புதிய உடல் கொடுத்தார்கள். ஏறத்தாழ இருபது சென்ரிமீற்றர் சதுரம், மூன்றரை சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட உயரம், வெள்ளி நிற அலுமினியம். இந்த உடல் 2023 ஆம் ஆண்டு மாதிரி வரை பெரிதும் மாறவேயில்லை. உடல் ஒன்றாகவே இருக்க, உள்ளிருந்த உயிர் பல முறை மாறியது. பழைய சாமான் விற்கும் கடையொன்றில் 2012 ஆம் ஆண்டுக் கணினியையும், 2014 ஆம் ஆண்டுக் கணினியையும், 2020 ஆம் ஆண்டுக் கணினியையும் அருகருகே வைத்தால், மேலிருந்து பார்க்கும் ஒருவர் மூன்றும் உடன்பிறப்புக்கள் என்றே சொல்லுவார். 2018 ஆம் ஆண்டு மாதிரி ஒன்றுதான் கரும் சாம்பல் நிறத்தினால் வேறுபட்டு நிற்கும். வெளித் தோற்றத்தைக் கொண்டு எடை போட இயலாத பொருள்களுள் இதுவும் ஒன்று.

இனி என் முதற் தவற்றுக்கு வருகிறேன். 2015 ஆம் ஆண்டில் நான் இதே பாடசாலையில் பிரதி அதிபராக இருந்தேன். ஆண்டு மலரைப் பக்கம் அமைப்பதற்கும், பிள்ளைகளின் பாட்டையும் பேச்சையும் ஒலிப்பதிவு செய்வதற்கும் என்று பழைய மாணவர்கள் ஒரு கணினி வாங்கப் பணம் தந்தார்கள். வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடையில் இரண்டு மக் மினிகள் இருந்தன. ஒன்று 2014 ஆம் ஆண்டின் அடிப்படை மாதிரி, உறை பிரிக்கப்படாதது. மற்றது 2012 ஆம் ஆண்டு மாதிரி. ஒருவர் சில காலம் பயன்படுத்தியது. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நான் சிந்திக்கவேயில்லை. புதியதை எடுத்துக்கொண்டு, பாடசாலைக்குப் புதுப்பொருள் வாங்கிய பெருமையோடு திரும்பினேன்.

அந்நாளில் நான் அறியாத செய்திகளை இன்று சொல்லுகிறேன். 2012 ஆம் ஆண்டு மாதிரியில் நான்கு மூளையுள்ள செயலியும் கிடைத்தது. அடிப்பக்கத்து வட்ட மூடியைக் கையினாலே திருகிக் கழற்றலாம். கழற்றினால், நினைவகம் எனப்படும் இரண்டு சிறு பலகைகள் கண் முன்னே இருக்கும். அவற்றை எடுத்துவிட்டுப் பெரியவற்றைப் பொருத்தி, 16 ஜிகாபைட் வரை உயர்த்திக்கொள்ளலாம். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த அடுத்த மாதிரியிலோ நான்கு மூளைச் செயலி இல்லை. எவ்வளவு விலை கொடுத்தாலும் இரண்டு மூளையே. நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்துவிட்டார்கள். பிறகு கூட்ட வழியே இல்லை. அடிப்படை மாதிரியின் நினைவகம் 4 ஜிகாபைட் மாத்திரம். அதன் விலை மாத்திரம் 599 டொலரிலிருந்து 499 டொலராகக் குறைந்திருந்தது. இதனாலேதான், புதிய மாதிரி வந்த பின்னரும் பழைய நான்கு மூளை இயந்திரத்தை வெளிநாடுகளிற் பலர் தேடித் தேடி வாங்கினார்கள்.

நினைவகம் என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்கு ஓர் எளிய உவமை சொல்லுகிறேன். கணினியின் வன்தட்டு உங்கள் அலுமாரி போன்றது. எல்லாக் கடதாசிகளும் அதிலே அடுக்கி இருக்கும். நினைவகம் உங்கள் மேசையின் மேற்பரப்புப் போன்றது; இப்பொழுது பார்க்கும் கடதாசிகளை மாத்திரம் அதன்மேல் விரிப்பீர்கள். அலுமாரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், மேசை சிறிதாயின் ஒன்றை எடுக்க ஒன்றை மடித்து வைக்க வேண்டும். வேலை நடக்கும், ஆனால் தாமதமாகும். 4 ஜிகாபைட் மேசையோ 2015 இலேயே சிறியது. மூன்று ஆண்டுகள் செல்ல, ஆண்டு மலரின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுத் தேநீர் குடித்து வரலாம் என்னும் நிலை வந்தது.

திருத்துபவரிடம் கொண்டு போனேன். அவர் அடி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, வன்தட்டை மாற்றலாம், அதனால் கொஞ்சம் விரைவு கிடைக்கும். நினைவகத்தை ஒன்றும் செய்ய இயலாது. இதற்கு முந்திய மாதிரியாக இருந்தால் ஐந்து நிமிட வேலை,” என்றார். அந்த ஐந்து நிமிடம் என்னை நெடுநாள் உறுத்தியது. பிழை இயந்திரத்தினுடையதன்று. தன்னால் இவ்வளவே இயலும் என்பதை அது மறைக்கவில்லை. கேட்க வேண்டியதைக் கேளாமல், உறை பிரியாத பெட்டியைக் கண்டு மயங்கியவன் நானே.

அன்று ஒரு விதி செய்துகொண்டேன். திறந்து மாற்றக்கூடிய இயந்திரத்தையே வாங்க வேண்டும். புதுமை என்ற சொல்லுக்கு மயங்கலாகாது. இது நல்ல விதிதான். ஆனால் அனுபவத்திலிருந்து நாம் செய்துகொள்ளும் விதிகளுக்கு ஒரு தன்மை உண்டு. அவை பிறந்த காலத்தை மறந்துவிட்டு, எல்லாக் காலத்துக்கும் தாமே நீதிபதிகள் என்று அமர்ந்துவிடுகின்றன.

ஆண்டுகள் சென்றன. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில் டொலர் ஒன்றின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. வெளிநாட்டுப் பொருள் வாங்கும் எண்ணத்தையே பலர் கைவிட்டோம். 2025 ஆம் ஆண்டின் இறுதியில்தான் பழைய மாணவர்கள் மறுபடியும் முன்வந்தார்கள். கடல் கடந்து வாழ்பவர்களும் ஊரில் தோட்டஞ் செய்பவர்களும் சேர்த்த பணம். பட்டியலில் ஐந்நூறு ரூபா தந்தவரின் பெயரும் இருந்தது. அந்தப் பெயரைப் பார்த்தவுடனே, இம்முறை தவறலாகாது என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பணத்துக்கு இரு வழிகள் இருந்தன. புதிய மக் மினி ஒன்று வாங்கலாம். அது 2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்ட எம்4 என்னும் மாதிரி. அன்றேல், 2018 ஆம் ஆண்டு மாதிரியில், பிறர் பயன்படுத்திய இரண்டு இயந்திரங்கள் வாங்கலாம். என் மனம் உடனே பழையவற்றின் பக்கம் சாய்ந்தது. 2018 ஆம் ஆண்டு மாதிரியில் ஆறு மூளைச் செயலி உண்டு. திருகாணிகள் சிலவற்றைக் கழற்றினால் நினைவகத்தை மாற்றலாம். 64 ஜிகாபைட் வரை ஏற்றலாம். எம்4 இயந்திரத்திலோ நினைவகம் செயலியோடு ஒரே கட்டாகச் சேர்ந்திருக்கிறது. யாராலும் கூட்ட இயலாது. என் விதி தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியது: திறக்கக்கூடியதை வாங்கு. அத்தோடு, ஒன்றுக்கு இரண்டு. ஒரு பிள்ளைக்குப் பதிலாக இரு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அமரலாம். இரண்டு வரப்போகின்றன என்று வகுப்பிலேயும் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

எங்கள் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் கற்பிக்கும் இளம் ஆசிரியை ஒருவர் என் முடிவைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ஐயா, இதற்கு வயது எத்தனை என்று பார்த்தீர்கள், ஆயுள் எத்தனை என்று பார்க்கவில்லையே,” என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களிலே தருகிறேன். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை அதனை ஆக்கியவர் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார். களவாகப் புகுவோர் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைப்பதும் அவருடைய பொறுப்பே. ஒரு நாள் அவர், “இனி இந்த மாதிரியை நாம் பார்க்கமாட்டோம்,” என்று விட்டுவிடுகிறார். அன்றோடு இயந்திரம் நின்றுவிடுவதில்லை. ஆனால் இணையத்தோடு அதனைத் தொடுப்பது, பூட்டுத் திருத்த ஆளில்லாத வீட்டில் பணத்தை வைப்பது போன்றதாகிறது. சிறிது சிறிதாகப் புதிய மென்பொருள்களும் அதனை ஏற்க மறுக்கின்றன.

அப்பிள் நிறுவனத்தார் அந்த நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை. ஆயினும் கடந்ததைக் கொண்டு வருவதை ஓரளவு கணிக்கலாம். 2012 ஆம் ஆண்டு மாதிரி ஏற்ற கடைசிப் பதிப்பு 2019 இல் வந்தது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 வரை கிடைத்தன. 2014 ஆம் ஆண்டு மாதிரிக்குக் கடைசிப் பதிப்பு 2021 இல்; திருத்தங்கள் 2024 வரை. 2018 ஆம் ஆண்டு மாதிரிக்குக் கடைசிப் பதிப்பு 2024 இல் வந்தது. 2025 இல் வந்த பதிப்பு அதனை ஏற்கவில்லை. அதற்கு முன்னரே, 2025 ஜூன் மாதத்தில், இன்டெல் செயலியுள்ள எந்த இயந்திரத்துக்கும் அந்த ஆண்டுப் பதிப்பே கடைசி என்று நிறுவனத்தார் அறிவித்துவிட்டார்கள். முந்திய வழக்கப்படி பார்த்தால் 2018 ஆம் ஆண்டு இயந்திரத்துக்கு 2027 அளவிலே திருத்தங்களும் முடிந்துவிடும். ஆகப் பிறந்ததிலிருந்து ஒன்பது, பத்து ஆண்டுகள் என்பதே இவ்வினத்தின் ஆயுட்கணக்கு.

நான் ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய இயந்திரங்கள் இரண்டு; ஒவ்வொன்றுக்கும் எஞ்சிய ஆயுள் இரண்டு ஆண்டு; பெருக்கினால் நான்கு. புதியது ஒன்று, அதே கணக்கில் 2033 வரை எட்டு ஆண்டு, பெருக்கினால் எட்டு. ஒன்றுக்கு இரண்டு என்று நான் மகிழ்ந்தது, உண்மையில் எட்டுக்கு நான்கு. ஆறு மூளையும் அறுபத்துநான்கு ஜிகாபைட்டும் இந்தக் கணக்கை மாற்றவில்லை. மேசையை எவ்வளவு பெரிதாக்கினாலும், வீட்டின் குத்தகை இரண்டு ஆண்டில் முடிகிறது.

இதற்கிடையில் நடந்த ஒரு மாற்றத்தையும் நான் கவனிக்கத் தவறியிருந்தேன். 2020 ஆம் ஆண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனத்தார் இன்டெல் செயலியை விட்டுத் தாமே வகுத்த எம்1 என்னும் செயலியை இதே வெள்ளிப் பெட்டிக்குள் வைத்தார்கள். தொடக்க விலை 699 டொலர். செயலி, படங்காட்டும் பகுதி, நினைவகம் ஆகிய மூன்றும் ஒரே கட்டாக நெருங்கி இருப்பதால் செய்தி ஓடும் தூரம் குறைகிறது, வேகம் மிகுகிறது, மின்சாரச் செலவு குறைகிறது. 2018 ஆம் ஆண்டு இயந்திரம் சும்மா இருக்கும்போதே சுமார் 20 உவாற்று மின்சாரம் கொள்ளும். மின்குமிழில் எழுதியிருக்குமே, அதே உவாற்று. எம்1 இயந்திரம் சுமார் 7 உவாற்று. எம்4 இயந்திரம் சுமார் 4 உவாற்று. மின்சாரம் தடைப்பட்டால் சிறிது நேரம் தாங்குவதற்கு மின்கலப் பெட்டி வைக்கும் நம் நாட்டவருக்கு இது சிறு செய்தியன்று. அதே மின்கலம் கூடிய நேரம் தாங்கும். 2014 இல் நினைவகத்தைப் பற்றவைத்ததனால் வாங்குபவர் பெற்ற நன்மை சிறிது. 2020 இல் சேர்த்துக் கட்டியதனால் பெற்ற நன்மை பெரிது. இரண்டையும் ஒரே விதியினால் அளந்தது என் குறை.

அப்படியானால் புதியதே எப்பொழுதும் மேலானது என்று நான் சொல்ல வருகிறேனா? இல்லை. 2023 இல் வந்த எம்2 மாதிரியின் அடிப்படை இயந்திரத்தில், சேமிப்பகத்தை இரண்டு சில்லுக்குப் பதிலாக ஒரே சில்லில் அமைத்தார்கள். அதனால் அந்த ஒரு பகுதியில் அது தன் முந்திய மாதிரியைக் காட்டிலும் மெதுவானது. எம்4 மாதிரியில் பழைய வகை யூ.எஸ்.பி. துளைகளே இல்லை, நம் கைகளில் இருக்கும் பேனைச் சேமிப்பான்களையும் அச்சுப்பொறிகளையும் தொடுக்கத் தனியே இணைப்பி வாங்க வேண்டும். அதன் மின் பொத்தானை இயந்திரத்தின் அடியில் வைத்திருக்கிறார்கள்; இயக்க வேண்டுமாயின் ஒரு மூலையைத் தூக்க வேண்டும். விண்டோஸ் முறையையும் அதே இயந்திரத்தில் நேராக நிறுவ விரும்புவோருக்கு இன்டெல் செயலியுள்ள பழைய மாதிரியே இடங்கொடுக்கும். எம் வரிசை அவ்வாறு இடங்கொடாது. 2019 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து 32 பிட்டு மென்பொருள்கள் இயங்குவதில்லை. அத்தகைய பழைய மென்பொருளில் தம் வேலையை வைத்திருப்பவர் பழைய இயந்திரத்தையே பேண வேண்டும். ஆகவே மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்பதே முறை என்று எனக்குத் தோன்றுகிறது.

முதற் கேள்வி: என்ன வேலைக்கு? கடிதம் எழுதவும், வினாத்தாள் தட்டச்சிடவும், இணையத்தில் பாடம் பார்க்கவும் மாத்திரமாயின் மிக விரைவான இயந்திரம் தேவையில்லை. ஒலியும் ஒளியும் தொகுக்க வேண்டுமாயின் தேவை.

இரண்டாங் கேள்வி: எஞ்சிய ஆயுள் எவ்வளவு? விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். மலிவானது விலையுயர்ந்ததாகவும், விலையுயர்ந்தது மலிவானதாகவும் பல வேளைகளில் மாறிவிடும்.

மூன்றாங் கேள்வி: பிறகு கூட்டக்கூடியது எது, கூட்ட முடியாதது எது? சேமிப்பகம் போதாவிட்டால் வெளியே ஒரு வட்டைத் தொடுத்துக்கொள்ளலாம். நினைவகத்தை வெளியே தொடுக்க இயலாது. ஆகவே வெளியே சேர்க்கக்கூடியதற்கு உள்ளே அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். உள்ளே மாத்திரம் இருக்கக்கூடியதை வாங்கும் அன்றே போதிய அளவு வாங்கிவிட வேண்டும். எம்4 மாதிரியின் அடிப்படை இயந்திரம் 16 ஜிகாபைட் நினைவகத்தோடு 2024 இல் 599 டொலருக்கு வந்தது. எம்1 அடிப்படை இயந்திரத்தில் இருந்தது 8 ஜிகாபைட். கைப்பணம் குறைந்தவர்கள் பயன்படுத்திய எம்1 ஒன்றை வாங்குவது தவறன்று. 2025 ஆம் ஆண்டுப் பதிப்பு அதனையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 16 ஜிகாபைட் உள்ளதாகத் தேடி வாங்குங்கள். எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் 8 ஜிகாபைட். 2015 ஆம் ஆண்டுத் தவற்றை மறுபடியுஞ் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பயன்படுத்திய இயந்திரம் வாங்குவோருக்கு மேலும் ஒரு சொல். உறையையும் நிறத்தையும் நம்பாதீர்கள். இயந்திரத்தை இயக்கச் செய்து, ‘இந்த மக் பற்றி’ என்னும் பகுதியைத் திறந்து, ஆண்டு, செயலி, நினைவகம் ஆகிய மூன்றையும் உங்கள் கண்ணாலே வாசியுங்கள். 2018 ஆம் ஆண்டு மாதிரி முதற்கொண்டு முன்னைய உரிமையாளரின் கணக்கோடு இயந்திரத்தைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. திருடருக்கு எதிரான நல்ல ஏற்பாடு அது. ஆனால் விற்பவர் அந்தப் பூட்டை நீக்காமல் விற்றால் நீங்கள் வாங்கியது வெறும் அலுமினியப் பெட்டியே. உங்கள் முன்னிலையில் அவர் தம் கணக்கை நீக்க வேண்டும். வெளிநாட்டு உறவினர் அனுப்புவதாயின் மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அது 100 முதல் 240 வோல்ற்று வரை ஏற்கும். செருகியை மாத்திரம் மாற்றினாற் போதும்.

மக் மினி நமக்கெதற்கு என்று எண்ணும் நேயர்களும் இருப்பீர்கள். நம் நாட்டிற் பெரும்பாலோர் பயன்படுத்துவது விண்டோஸ் கணினியே. அங்கும் இதே கேள்விதான். டெல், எச்பி, லெனோவா ஆகிய நிறுவனத்தாரின் சிறு அலுவலகக் கணினிகள், தடித்த புத்தகமொன்றின் அளவில், பயன்படுத்திய நிலையில் இப்பொழுது கடைகளில் கிடைக்கின்றன. பார்வைக்கு எல்லாம் ஒன்றே. ஆனால் விண்டோஸ் 10 முறைக்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையோ, இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாந் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமே வேண்டும் என்கிறது. ஆகவே ஏழாந் தலைமுறைக்கும் எட்டாந் தலைமுறைக்கும் இடையில் விலையில் சில ஆயிரம் ரூபா வேறுபட்டாலும், ஆயுளில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. கடைக்காரரிடம், “ஐ5 தானே?” என்று கேட்டுவிட்டு அமையாதீர்கள், எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். ஏழாந் தலைமுறைப் பெட்டி முன்னரே கையில் இருப்பவர்கள் அதனை எறிந்துவிடவும் வேண்டாம். லினக்ஸ் முறையை நிறுவி இன்னுஞ் சில ஆண்டு பயன்படுத்தலாம். இப்பெட்டிகளில் நினைவகத்தைத் திறந்து மாற்றலாம் என்பது ஒரு நன்மை.

எங்கள் பாடசாலை இறுதியில் எம்4 ஒன்றையே வாங்கியது. பழைய திரையும் பழைய விசைப்பலகையும் அதற்கு வாய்த்தன. இணைப்பிகளுக்கும் மின்கலப் பெட்டிக்குமாக ஒரு தொகையை முன்னரே ஒதுக்கிவைத்தோம். கணக்கைப் பழைய மாணவர் கூட்டத்தில் வாசித்தபோது, இரண்டுக்குப் பதிலாக ஒன்று ஏன் என்று ஒருவர் கேட்டார். நான்கும் எட்டுமான கணக்கை எழுதிக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டதற்கு அந்தக் கணக்கு விடையாகவில்லை. “ஐயா, இரண்டு வரும் என்று சொன்னீர்களே?” என்றாள். எட்டு ஆண்டு கழித்து இந்த இயந்திரம் வேலை செய்யும் என்பது, இன்று வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு எவ்வாறு ஆறுதலாகும்? அவள் அதற்குள் பாடசாலையை விட்டே போய்விடுவாள். நீண்ட ஆயுளைத் தெரிந்தெடுக்கும் பொழுது, இன்றிருப்பவர் ஒருவரிடமிருந்து சிறிது எடுத்து, நாளை வருபவருக்குக் கொடுக்கிறோம். அதனை அறிந்தே செய்ய வேண்டும். இயன்றவரை ஈடுஞ் செய்ய வேண்டும்.

நாங்கள் செய்த ஈடு இது. 2015 இல் நான் தவறி வாங்கிய அந்த இயந்திரத்தை எறியவில்லை. திருத்துபவர் சொன்னபடி அதன் வன்தட்டை மாற்றினோம். இணையத் தொடுப்பை நீக்கினோம். பழைய ஆண்டு மலர்களெல்லாம் பாமினி எழுத்துருவிலும் பழைய மென்பொருளிலும் அதனுள்ளே பத்திரமாக இருக்கின்றன; அவற்றைத் திறக்க அந்த இயந்திரமே தகுந்தது. மற்றை நேரங்களில் பிள்ளைகள் தமிழ்த் தட்டச்சுப் பழகுவதற்கு அது போதும். அந்த வேலைக்கு 4 ஜிகாபைட் மேசை சிறியதன்று. புதிய இயந்திரத்துக்கு ஒரு நேரசூசி எழுதி, இரண்டுக்கும் பிள்ளைகளைப் பங்கிட்டோம். ஆக, இரண்டு கணினிகள் என்று நான் சொன்ன சொல் ஒருவாறு மெய்யாயிற்று. அந்தச் சிறுமிக்கு முதல் வாரம் பழையதே கிடைத்தது. அவள் முகம் அவ்வளவு மலரவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வாரம் அவளுடைய முறை.

நேயர்களே, அடுத்த முறை பழையதா, புதியதா என்று தயங்கி நிற்கும்பொழுது, அந்த இளம் ஆசிரியை எனக்குச் சொன்னதை நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள். பொருளின் வயதைக் கேளாமல், ஆயுளைக் கேளுங்கள்.